ரிப்பனுக்குக் கீழே ஆயிரத்து முந்நூறு கிராம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், கோவளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ‘பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு’ அமைத்ததுதான். சந்தேகம் இருந்தால் திறப்பு விழா வரவேற்புக் குழுத் தலைவர் நூர்முகமதுவைக் கேட்கலாம். பஸ் ஸ்டாப்பில் பழக்கடை வைத்திருந்த அவர், குறைமாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இனி யாரும் செங்கல்பட்டுக்கு ஓட வேண்டாம் என்று ஆறு மாதமாக வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி வந்தார்.

பிரிவு முழுதாகத் தயார். நான்கு இன்குபேட்டர்கள் வந்திருந்தன. மூச்சுக்கு உதவும் இயந்திரம் வந்திருந்தது. டாக்டர் ஜெபகுமாரும் நர்ஸ் ரெஜினாவும் தினமும் வந்து தூசி தட்டினார்கள். குழந்தைகளுக்கு மட்டும் அனுமதி இல்லை, வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்ததால்.

அதை வெட்ட வேண்டிய பிரமுகருக்கு முதலில் குறித்த தேதியில் வெளியூர்ப் பயணம். இரண்டாவதாகக் குறித்த தேதிக்குள் கல்வெட்டில் அவர் பெயரைவிட ஒப்பந்தக்காரர் பெயர் பெரிதாகிவிட்டது. மூன்றாவது தேதியை ஒத்திவைத்த பெருமை நூர்முகமதுவையே சேரும். வார நாளில் கூட்டம் சேராது, அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைப்போம், அதுவரை ரிப்பனை யாரும் தொடக் கூடாது என்று குழுக் கூட்டத்தில் அவரே தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டார். ஆஸ்பத்திரி நிர்வாக அலுவலர் கோபாலகிருஷ்ணன் வழிமொழிந்தார். ரெஜினா எழுந்து, அதுக்குள்ள ஒரு புள்ள பொறந்துட்டா இன்னா பண்றது என்று கேட்டாள். ‘பிற’ என்ற தலைப்பின் கீழ் பிறகு பேசலாம் என்று தலைவர் அவளை உட்கார வைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, நாஸ்தா முடியும் முன்பே, நூர்முகமதுவின் மகள் ஆஸ்மாவுக்கு வலி கண்டது. ஏழு மாதம்தான் நிறைந்திருந்தது. அவள் புருஷன் ஃபர்தீன் மறைமலைநகரில் ஷிப்டில் இருந்தான். ஆட்டோவில் ஏற்றிய பத்தாவது நிமிடம் ஆஸ்பத்திரி. அடுத்த அரை மணியில் பெண் குழந்தை. ஆயிரத்து முந்நூறு கிராம். நூர்முகமதுவின் கடையில் ஒரு பப்பாளி அதைவிடக் கனக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளே குழிய, பூனைக்குட்டி போல முனகியது.

பிரசவ அறைக்கும் புதிய பிரிவுக்கும் நடுவே பன்னிரண்டு அடி தூரம். ‘வீட்டுக்கு அருகிலேயே சிகிச்சை’ என்ற கொள்கைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. கோபாலகிருஷ்ணனோ செங்கல்பட்டுக்கு ஆம்புலன்ஸ் சொல்லியிருந்தார். அவ்வளவு தூரத்தைக் குழந்தை தாங்காது என்றார் டாக்டர். கோபாலகிருஷ்ணன் வருத்தத்தோடு கோப்பைத் திறந்தார்.

“பாய், குழந்தை குறிச்ச தேதிக்கு முன்னாடி வந்துட்டுது. அதுக்கு நிர்வாகம் எப்படிப் பொறுப்பாகும்? கையெழுத்து உங்களோடதுதான்.”

நூர்முகமது பார்த்தார். அழகான கையெழுத்து. வாலைச் சுழித்துக் கீழே இரண்டு புள்ளி வேறு. அதைக் கொண்டுபோய்க் கடலில் போட வேண்டும் போலிருந்தது அவருக்கு. நானே ரிப்பனை அறுக்கிறேன், கத்திரி கொடுங்கள் என்று கெஞ்சினார். அறுப்பதென்றால் குழு கூடி இன்னொரு தீர்மானம் போட வேண்டும் என்றார் கோபாலகிருஷ்ணன். குழு கூட மூன்று நாள் முன்னறிவிப்பு தேவை.

இந்த உயர்மட்ட ஆலோசனை எதுவும் ரெஜினாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து, ரிப்பனுக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே டாக்டரும் குனிந்தார்.

கோபாலகிருஷ்ணன் ரிப்பனை முனைக்கு முனை பரிசோதித்தார். எங்கும் அறுபடவில்லை. ஆகவே பிரிவு இன்னும் திறக்கப்படவில்லை என்று முடிவு செய்து, நிம்மதியாகக் கோப்பை மூடினார்.

பத்தொன்பது நாட்கள் ‘திறக்கப்படாத’ பிரிவு அப்படியே இயங்கியது. ஆறடி உயர ஃபர்தீன் மண்டியிட்டுத் தவழ்ந்து போனான். ஆஸ்மா அடிவயிற்றைப் பிடித்தபடி குனிந்து போய், பிள்ளையை வெறும் மார்பில் கிடத்தி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தாள். ஒருநாள் நூர்முகமது ஒரு விரலை நீட்டினார். பேத்தி அதைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலைவரை கடை திறக்கவில்லை.

விழா நாள் வந்தது. பேத்தியின் இன்குபேட்டரைத் திரை போட்டு மறைத்து, ‘இருப்பு அறை’ என்று எழுதி ஒட்டினார்கள். புகைப்படத்துக்கு மாமல்லபுரத்திலிருந்து பத்து மாதக் கொழுகொழு குழந்தை ஒன்று வரவழைக்கப்பட்டிருந்தது. இரண்டு பல் முளைத்த அந்தக் ‘குறைமாதக் குழந்தை’ இன்குபேட்டரை உதைத்துக் கைதட்டியது. பிரமுகர் கண்கலங்கினார். இன்று முதல் இந்தப் பகுதியில் குழந்தைகள் பிழைக்கும் என்று பிரகடனம் செய்தார்.

நன்றியுரைக்கு எழுந்த நூர்முகமது, எழுதி வந்த மூன்று பக்கங்களை மடித்துப் பையில் வைத்தார்.

“இன்னிலேருந்துன்னு சொன்னாங்க. தப்பு. பத்தொம்போது நாளா எம் பேத்தி அந்தத் திரைக்குப் பின்னாடி மூச்சு வுட்டுகினு கீறா. இந்த ரெஜினா குனிஞ்சதால கீறா. நான் போட்ட தீர்மானப்படி நடந்திருந்தா இருந்திருக்க மாட்டா.”

மறுநாள் ரெஜினாவுக்கு ஒரு மெமோ வந்தது. திறப்பு விழாவுக்கு முன்பாக, உரிய அனுமதியின்றி, ஒரு குழந்தையை உயிருடன் வைத்திருந்தது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

தன் வாயால் வந்த வினை என்று நூர்முகமது பதறிப்போய், பதிலைத் தானே எழுதித் தருவதாக ஓடினார். அவள் அதற்குள் எழுதி முடித்திருந்தாள்.

“ஐயா, குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விழா வரை அதை நிறுத்தி வைக்கும்படி எனக்கு உத்தரவு எதுவும் வரவில்லை.”