தக்காளி லேப்டாப் பார்க்கப் போனபோது

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஊர் ஊராகப் போய்க்கொண்டே போட்டோ திருத்துவதற்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று என்னைவிடச் சரியாகச் சொல்லும் ஆள் கிடையாது.

பொய். நான் வேன் ஓட்டுகிறவன். அஞ்சாம் வகுப்பில் வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்த கேஸ். லேப்டாப்பை எந்தப் பக்கம் திறப்பது என்று இன்றைக்கும் கொஞ்சம் யோசிப்பேன். இதைக்கூட நான் எழுதவில்லை. போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தக்காளி சொல்லிக் காதில் விழுந்தது.

ஆனால் இது பொய் இல்லை: தக்காளி மாதிரி லேப்டாப் வாங்கினவன் உலகத்தில் எவனும் கிடையாது. பெண் பார்க்கப் போகிறவன்கூட பஜ்ஜி ஆறுவதற்குள் சரி சொல்லிவிடுவான். தக்காளி ஒரு லேப்டாப்பைப் பார்த்துச் சரி சொல்வதற்குள், அதை விற்க வந்த தம்பிக்கே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

தக்காளி கல்யாண போட்டோகிராபர். ஒல்லியாக, கறுப்பாக, முருங்கைக்காய்க்குச் சட்டை மாட்டிய மாதிரி இருப்பான். அவனுக்கும் தக்காளிக்கும் உருவத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பெயரை வைத்தது முத்தாபுதுப்பேட்டை மங்கம்மாக்கா.

மங்கம்மாக்கா வீட்டில் ஒரு பழக்கம். அந்த வீட்டுப் பெண்கள் முகூர்த்தத்துக்கு அரக்கு நிறப் பட்டுதான் கட்டுவார்கள். வேறு நிறத்தை யாராவது பேச்சுக்குச் சொன்னால்கூட அன்றைக்கு அந்த வீட்டில் சோறு கிடையாது. மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். போட்டோ நம்ம ஆள். வேன் நான். திருத்தணி கோயிலில் தாலி கட்டு. திரும்பி வரும் வழியிலேயே, மணப்பெண்ணும் ஏறி வந்த என் வேனில், எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எல்லாப் படத்தையும் திருத்தி முடித்தான். சுறுசுறுப்பைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஆல்பம் வந்தது. மங்கம்மாக்கா ஒரு கையில் ஆல்பம், ஒரு கையில் புடவை, வாசலில் நின்று இரண்டையும் பார்த்தார்.

"இன்னா நைனா, எம்பொண்ணுக்கு நான் பட்டு எடுத்தேனா, கோயம்பேட்ல தக்காளி எடுத்தேனா?"

நான் எட்டிப் பார்த்தேன். அரக்குப் புடவை பழுத்த தக்காளியாக ஜொலித்தது. மணப்பெண் ரசத்துக்குத் தயாராக நிற்கிற மாதிரி இருந்தாள்.

"யக்கா, வெளிச்சம் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான் நம்ம ஆள்.

"வாயத் தொறக்காத. இந்தா, ரவிக்கைத் துணில மிச்சம். இத்த வெச்சிகினு அரக்குன்னா இன்னான்னு பாத்துக் கத்துக்கோ" என்று ஒரு துண்டுத் துணியை அவன் மூஞ்சியில் வீசினார்.

சாயங்காலத்துக்குள் அம்பத்தூர் முழுக்க அவன் தக்காளி. டீக்கடையில் தக்காளி. மண்டபத்துச் சமையல்காரர், "இன்னா தக்காளி, உன்னத்தான் அரிஞ்சிகினு கீறேன்" என்பார். அவன் சம்சாரம் கொஞ்ச நாள் வீட்டில் தக்காளியே வாங்காமல் புளிக்குழம்போடு நிறுத்திக்கொண்டார். அதுதான் அவனுக்கு ரொம்ப வலித்தது. கேலி பண்ணியிருந்தால் தாங்கியிருப்பான்.

அந்தத் துணியை மட்டும் அவன் எறியவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். சட்டை மாறும், துணி மாறாது.

அப்புறம் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. முகப்பேரில் ஏ.சி. போட்ட ஸ்டுடியோக்காரர்கள் வந்து மங்கம்மாக்காவிடம் பேசிவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆனால் அவர் கூப்பிட்டது தக்காளியை.

"புடவையத்தான் நீ நாசம் பண்ண. எம்பொண்ணு சிரிச்சத உன்ன மாதிரி எவனும் பிடிக்கல. அதனால இன்னொரு தபா வுடறேன். காலைல திருத்தணி, சாய்ந்தரம் ஆவடி மண்டபத்துல ரிசப்ஷன். பெரிய திரைல படம் ஓடணும். ஓடறதுக்கு முன்னாடி நான் புடவையப் பக்கத்துல பிடிச்சிப் பாப்பேன். சரியா கீதுன்னா உன் பேர மாத்தி வுடறேன். தப்பா பூட்ச்சுன்னா, உன் பேரக் கல்வெட்டுல செதுக்கி வெச்சிடுவேன்."

பழைய லேப்டாப்பின் பேட்டரி இப்போதெல்லாம் ஆவடியில் கிளம்பினால் பட்டாபிராம் தாண்டாது. மூச்சு வாங்கிப் படுத்துவிடும். ஆகவே புதுசு. கூட நான்.

அம்பத்தூரில் ஒரு பெரிய கடை. விற்கிற தம்பி திருநெல்வேலிப் பக்கம். டை கட்டிக்கொண்டு, "வாங்க சார், என்ன மாதிரி பாக்கிய?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"எல்லாத்தியும் ஆப் பண்ணுப்பா."

"சார், எல்லாரும் ஆன் பண்ணத்தான் சொல்லுவாவ."

"ஆப் பண்ணு நைனா."

ஆப் பண்ணினான். தக்காளி ஒவ்வொரு இருட்டுத் திரையிலும் தன் மூஞ்சியைப் பார்த்தான். தலை வாருகிறானோ என்று நினைத்தேன். "இதுல என் மீசை தெரியுது, வேணாம். இதுல பல்லே தெரியுது, வேணவே வேணாம். திரை கண்ணாடி மாதிரி கீதுன்னா வேன் ஜன்னல் வெளிச்சமெல்லாம் அதுலதான் குந்தும். இத்தினி நாளும் அதுக்குப் பயந்துதான் கர்ட்டன இழுத்து வுட்டுகினு வேலை செஞ்சேன்." மூஞ்சி தெரியாத லேப்டாப்பாக மூன்றைப் பிரித்து வைத்தான்.

எனக்கு அதில் எதுவும் பிடிக்கவில்லை. ஓரத்தில் ஒன்று, பட்டனுக்குப் பட்டன் கலர் கலராக லைட் எரிந்துகொண்டு, ஆடி மாசக் கோயில் மாதிரி இருந்தது. "மாமே, இத்த எடு. ரிசப்ஷனுக்குத் தனியா சீரியல் லைட் போட வேணாம்" என்றேன்.

"அண்ணே, அது கேம் ஆடுத பிள்ளைங்களுக்கு. எடையும் ஜாஸ்தி, சார்ஜும் நிக்காது" என்றான் தம்பி.

"கேட்டுக்கினியா? உன்ன மாதிரியே. சத்தம் ஜாஸ்தி, தம்மு கிடையாது" என்றான் தக்காளி.

பிறகு அந்த மூன்றையும் ஆன் பண்ணச் சொல்லி, மங்கம்மாக்காவின் மூத்த பெண் படத்தைத் திருத்தாமல் எடுத்தபடியே போட்டு, நின்று பார்த்தான், குந்திப் பார்த்தான், மேஜைக்கு அடியில் படுத்தும் பார்த்தான். சாய்த்துப் பார்த்தால் ஒன்றில் நிறம் வெளுத்தது. அது போயிற்று. மீதி இரண்டையும் மஞ்சப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே மூன்று சுற்று நடந்தான். அப்படியே நடந்து வெளியே வெயிலுக்குப் போய்விட்டான். வாசல் செக்யூரிட்டி விசில் ஊத, தம்பி ஓட, நான் அவனைத் தெரியாதவன் மாதிரி வாஷிங் மெஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுரோட்டு வெயிலில் ஒரு லேப்டாப்பைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து அரக்குத் துணியை எடுத்துத் திரையில் இருந்த புடவைக்குப் பக்கத்தில் வைத்தான். "அரக்கு. அச்சு அசலா அரக்கு" என்றான். செக்யூரிட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்தபடியே குனிந்து பார்த்து, "ஆமா" என்றார்.

உள்ளே வந்ததும் என்னைக் கூப்பிட்டான். "நான் ஸ்டூல்ல குந்திக்கிறேன். நீ ஆட்டு."

"எப்டி?"

"திருவள்ளூர் போற சி.டி.எச். ரோடு மாதிரி."

ஆட்டினேன். என் ரோட்டை நான் மறப்பேனா? திருநின்றவூர்ப் பள்ளம், வேப்பம்பட்டு மேடு, ஒன்று விடாமல் கொடுத்தேன். மடியில் லேப்டாப்போடு துள்ளிக்கொண்டே படத்தைத் திருத்தினான். கடைசியில் அந்தத் தம்பியும் டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணே, எங்கூரு ரோடு ஒண்ணு காட்டுதேன்" என்று ஆட்ட ஆரம்பித்துவிட்டான். டி.வி. வாங்க வந்தவர்கள் டி.வி.யைப் பார்க்கவில்லை.

கடைசியாக அவன் எடுத்தது சாம்பல் நிறத்தில், பார்க்கச் சப்பென்று இருந்த ஒன்று. கேமரா கார்டைச் சொருக அதிலேயே ஓட்டை, ஒரு நாள் தாங்கும் பேட்டரி, வெயிலிலும் தெரியும் திரை. "அழகே இல்லியே மாமே" என்றேன். "நான் இன்னா அத்தக் கட்டிக்கவா போறேன்" என்றான்.

கல்யாண நாள். திருத்தணியில் எல்லாம் நல்லபடி முடிந்தது. பெண் மாப்பிள்ளை காரில் முன்னால் போய்விட்டார்கள். என் வேனில் சொந்தக்காரர்களும் மங்கம்மாக்காவும். எனக்குப் பக்கத்தில் வாந்திக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு மாப்பிள்ளையின் சித்தப்பா. எனக்குப் பின்சீட்டில் தக்காளி. வெயில் ஏறியதும் எல்லோரும் கர்ட்டனை இழுத்து மூடினார்கள். எங்கள் ஓனர் பக்திமான். மங்களமாக இருக்கட்டும் என்று செக்கச்செவேல் என்று தைத்துப் போட்ட கர்ட்டன்.

பள்ளம் வந்தால் நான் "பள்ளம்" என்பேன், அவன் விரலைத் தூக்கிக்கொள்வான். கொஞ்ச தூரத்தில் வேன் முழுக்க, "பள்ளம்... மேடு... பிரேக்கு..." என்று பஜனையே நடந்தது.

திருவள்ளூர் தாண்டினதும் எனக்குப் பின்னால் பட்டன் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். தக்காளியின் மூஞ்சி செத்திருந்தது.

"மாமே, திரைல கீறது அரக்கு. கைல கீற துணி தக்காளியா மாறிகினு கீது."

"துணி எப்டிடா மாறும்? வெயில்ல சுத்துன சூடு தலைக்கு ஏறிட்ச்சா?"

கர்ட்டனை விலக்கித் துணியோடு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். அரக்கு. உள்ளே இழுத்தான். தக்காளி. வெளியே அரக்கு. உள்ளே தக்காளி. பின்னால் வந்த பஸ்காரர் எங்களுக்கு ஏதோ ஆபத்து என்று நினைத்து ஓரம் கட்டிவிட்டார்.

தக்காளி மெதுவாகக் கர்ட்டனைப் பார்த்தான். வெயில் அதில் பட்டு, உள்ளே இருந்த எல்லோர் மூஞ்சியும் சிவப்பாக இருந்தது. மூத்த பெண் கல்யாணத்தன்றும் இதே சீட், இதே கர்ட்டன். வேனுக்குள் சிவந்து தெரிந்த மணப்பெண்ணின் புடவைக்கு ஏற்றபடி அன்றைக்குப் படத்தையும் சிவப்பாக்கியிருக்கிறான்.

"நான் தக்காளி இல்ல மாமே" என்றான். "உன் வண்டிதான் தக்காளி."

ஓரம் கட்டினேன். இரண்டு பேரும் கர்ட்டனையெல்லாம் உருவினோம். உள்ளே வெயில் கொட்டியது. "இன்னாய்யா இது, மனுசங்கள வடாம் போடறீங்களா?" என்று ஒரு குரல். சித்தப்பா எலுமிச்சம்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டார்.

மங்கம்மாக்கா எழுந்தார். "ஒரு நாள் வெயில் பட்டா யாரும் உருகிட மாட்டீங்க. தலைல துண்டப் போட்டுகினு குந்துங்க. அவன் வேலை செய்யட்டும்."

அந்த வெயிலில் பழைய லேப்டாப் என்றால் அவன் மீசையைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருப்பான். இந்தச் சாம்பல் லேப்டாப் அசையவில்லை. படம் பளிச்சென்று தெரிந்தது. வேப்பம்பட்டில் வேலை முடிந்தது. அதற்கப்புறமும் ஆவடி வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் வேறு எதையோ திருத்திக்கொண்டே வந்தான். கேட்டால், "ரோட்டப் பாரு" என்றான்.

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தையும் பன்னீர்ச் சொம்பையும் நகர்த்திவிட்டு லேப்டாப்பை வைத்தான். மங்கம்மாக்கா முகூர்த்தப் புடவையைக் கொண்டுவந்து தலைப்பைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். வரவேற்பில் நின்ற பெண்கள் சந்தனம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் வேன் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவர் படத்தைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இதான்யா எங்க ஊட்டுப் புடவை."

பெரிய திரையில் படம் ஓடியது. சின்னவள் சிரிக்கிறாள், அரக்குப் புடவையில். அடுத்த படம் வந்தது. மூத்தவள். அவள் கல்யாணத்தில் எடுத்த அதே படம், அதே சிரிப்பு. புடவை மட்டும் அரக்கு. வேப்பம்பட்டிலிருந்து ஆவடி வரைக்கும் குனிந்திருந்தது இதற்குத்தான். ஒரு படம் தங்கச்சி, ஒரு படம் அக்கா என்று மாறி மாறி ஓடியது. மூத்தவள் முன்வரிசையில் உட்கார்ந்து, கையிலிருந்த குழந்தையின் தலையில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் நிமிர்ந்து, திரையில் இருந்த மாதிரியே சிரித்தாள். தக்காளி ஓடிப்போய் அதையும் எடுத்தான்.

மங்கம்மாக்கா மைக்கைப் பிடுங்கினார். "இன்னிலேர்ந்து இவன எவனாவது தக்காளின்னு கூப்ட்டா, பந்தில எல கிடையாது. உன் பேர் இன்னா நைனா?"

சொன்னான். சரியாக அந்த நேரத்தில் வெளியே பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. ஒருத்தர் காதிலும் விழவில்லை. மங்கம்மாக்கா காதைக் குடைந்துகொண்டார்.

"சரி, வா தக்காளி, சாப்ட்டுப் போ."

மண்டபமே கைதட்டியது. எனக்குத் தெரிந்து, தன் பட்டப்பெயருக்குக் கைதட்டு வாங்கி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பந்திக்குப் போனவன் அவன் ஒருத்தன்தான். அன்றைக்கு ரசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தான்.

இப்போது என் வேனில் வெள்ளைக் கர்ட்டன். ஓனருக்குத் தெரியாமல் நானே மாற்றினேன். தக்காளியும் சும்மா இல்லை. போன மாசம் அந்த லேப்டாப்புக்கு ஒரு பை வாங்க பூந்தமல்லி பக்கம் நூம்பலுக்குப் போனோம். பையில் தண்ணீர் இறங்குமா என்று பார்க்க, தக்காளி நேராகப் போய் ஒரு குழாயடியில் நின்று...

"யோவ் ட்ரைவரு, போன்ல யாரோட கொஞ்சிகினு கீற? வெளிச்சம் போவுது, வண்டிய எடு."

அவன்தான். போக வேண்டும். எனக்குப் பின்சீட்டை அப்போதே துடைத்து வைத்துவிட்டேன். வேறு யாரையும் அதில் உட்கார விடுவதில்லை.