உன் மகனும் நாக்குப் பாறைக் கம்பெனியும்

பம்பாய், கேத்வாடி
1865 செப்டம்பர் 28

நவ்சாரியில் வசிக்கும் என் அருமைத் தங்கை கூவர்பாய்க்கு, உன் அண்ணன் பேஸ்தன்ஜி மனதார ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. நீயும், உன் எருமைகள் இரண்டும், உன் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே நானும் உன் அண்ணி தீன்பாயும் நலம் என்று எழுதத் தொடங்கினேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த தீன்பாய், "பொய் எழுதினது போதும், அடிங்க அதை" என்றாள். அடித்துவிட்டேன். உயிரோடு இருக்கிறோம். நம் பார்சிப் புதுவருஷம் பிறந்து ஐந்து நாளாகியும் வாழ்த்து எழுதாததற்குக் கோபிக்காதே, இந்த வருஷம் இந்தத் தெருவில் யாரும் யாரையும் வாழ்த்தவில்லை.

உன் மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. மூன்றிலும் நீ கேட்டிருப்பது ஒன்றுதான், மெர்வான் எங்கே என்று. நான் பதில் போடாததற்குக் காரணம் தபால் கூலி அல்ல. உன் மகன் உனக்கு எழுதிய கடிதங்களில் பைகுல்லா பங்களா இருந்திருக்கும், இரட்டைக் குதிரை வண்டி இருந்திருக்கும், மாமாவுக்கு மாடியில் காற்றோட்டமான இரண்டு அறை கொடுத்ததும் இருந்திருக்கும். அவ்வளவும் உண்மை. அவன் எழுதாமல் விட்டதை நான் எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே அடுப்பில் எதுவும் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் என் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு மூட்டையும் நீ கொடுத்தனுப்பிய ஊறுகாயும்தான். கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் தேக்குக்கட்டை அளந்த என் பேரைச் சொல்லி, பஞ்சு அமுக்கும் ஆலையில் பொதிகளுக்கு நம்பர் எழுதும் வேலையை வாங்கிக் கொடுத்தேன். அதற்குள் அமெரிக்காக்காரன் தன் நாட்டுக்குள்ளேயே சண்டை போட ஆரம்பித்தான். இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு இல்லாமல் போய், நம் பஞ்சு தங்கத்தின் விலைக்கு ஏறியது. தலையணையைப் பிரித்துக்கூடப் பஞ்சு விற்றார்கள், மிகையாகச் சொல்லவில்லை, தீன்பாயே இரண்டு விற்றாள். வந்த பணத்தை எங்கே போடுவதென்று தெரியாமல் ஊரே திண்டாடியபோது தினம் ஒரு கம்பெனி முளைத்தது. பெரும்பாலும் கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகள். உன் மகன் நம்பர் எழுதும் வேலையை விட்டுவிட்டு, கோட்டை மைதானத்து மரத்தடியில் பங்கு கைமாற்றிவிடும் தரகர் கூட்டத்தோடு போய் நின்றான். மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவன் மட்டும் காதருகே வந்து மெதுவாகப் பேசுவான். மெதுவாகப் பேசுகிறவனிடம் ரகசியம் இருக்கிறது என்று ஜனங்கள் நம்பினார்கள். ஒரே வருஷத்தில் தலைப்பாகை மாறியது, செருப்பு மாறியது, நடையும் மாறியது.

அப்போதுதான் நாக்குப் பாறைக் கம்பெனி வந்தது. மாஹிம் கரைக்கு எதிரே நாக்குப் பாறை என்றொரு தீவு இருப்பதாகவும், அதைச் சுற்றிக் கடலைத் தூர்த்து ஒரு நகரமே கட்டப்போவதாகவும் மூன்று வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். வழவழப்பான தாளில் படம் போட்டிருந்தது. பஞ்சுக் கிடங்குகள், அகலமான சாலைகள், பாண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மண்டபம்கூட இருந்தது. ஓர் ஆளுக்கு ஐந்து பங்குக்கு மேல் கிடையாது. முதலில் கால்பங்குப் பணம் கட்டினால் போதும், மீதியைக் கம்பெனி கேட்கும்போது கட்டலாம். ஆளுக்கு ஐந்துதான் என்றதும் உன் மகன் என்ன செய்தான் தெரியுமா? போன வருஷம் உன்னைப் பார்க்க வந்தானே, நம் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கும் பிரார்த்தனை நோட்டை, பம்பாயில் பூஜை செய்ய வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனானே! பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டதென்று நீ பூரித்துப்போய் எனக்கு எழுதினாய். கூவர், அதில் இருந்த நாற்பத்து மூன்று பேர் பெயரிலும் அவன் விண்ணப்பம் போட்டான். பதினெட்டு வருஷத்துக்கு முன் போன நம் அப்பா தாராப்ஜிக்கு ஐந்து பங்கு. உன் வீட்டுக்காரர் எதல்ஜிக்கு ஐந்து. ஆறு மாதக் குழந்தையாகவே போய்விட்ட நம் தம்பிக்கு ஐந்து, அதுவும் கையெழுத்தோடு. கிடைத்ததில் பெரும்பகுதியை மூன்று மடங்கு விலைக்கு விற்றான். மிஞ்சியது செத்தவர்கள் பெயரிலேயே நின்றது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் எனக்கு முன்பே தெரிந்த ஒன்று உண்டு. அதை எழுதத்தான் இரண்டு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கட்டை அளந்த கண்ணல்லவா, அந்தத் தீவை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. மாஹிமில் ஒரு மீனவனுக்கு அரை ரூபாய் கொடுத்துப் படகில் போனேன். நடுக்கடலில் துடுப்பை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இங்கதான் சேட்."

"எங்கடா?"

"இப்பத்தான் இருந்துச்சு. நீங்க காலையில வந்திருக்கணும். தண்ணி வத்தினா எட்டுப் பேர் நிக்கலாம், நெருக்கி நின்னா பத்து."

நான் வீட்டுக்கு வந்து, முட்டைப் பொரியலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் மகன் முன்னால் போய் நின்றேன். "டேய், அங்க தண்ணிதான்டா இருக்கு!" என்றேன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மாமா, நீங்க தண்ணியைப் பார்த்தீங்க. வாங்கறவன் தாளைத்தான் பார்ப்பான்."

"நாளைக்கு எவனாவது போய்ப் பார்த்தா?"

"எவனும் போகமாட்டான். போனவனும் வந்து சொல்லமாட்டான். நீங்களே யார்கிட்ட சொல்லப் போறீங்க, சொல்லுங்க?"

யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் எனக்கு ஒரு பட்டு அங்கி தைத்துக் கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் பைகுல்லா மாடிக்குக் குடிபோனோம்.

ரொட்டிக்கடை ஜீவன்ஜியை உனக்கு ஞாபகம் இருக்கும். என் கல்யாணத்தில் குதிரைக்கு முன்னால் ஆடி வேட்டியை அவிழ்த்துக்கொண்டவன். முப்பது வருஷமாக விடிந்ததும் என் வீட்டுக்கு முதல் ரொட்டி அவன் அடுப்பிலிருந்துதான். அவன் ஒருநாள் பங்களா மாடிக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "பேஸ்தன், மெர்வான் நாக்குப் பாறையில போடச் சொல்றான். எனக்கு இந்தத் தாளெல்லாம் புரியாது. நீ போய்ப் பார்த்தியாமே?" என்றான்.

"பார்த்தேன்."

"எப்படி இருக்கு?"

"நல்ல விசாலமா இருக்கு" என்றேன்.

கடலைத்தான் சொன்னேன், பொய்யில்லை என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் தன் அடுப்பையும், கடையையும், விதவைத் தமக்கையின் வளையல்களையும் வைத்துப் பங்கு வாங்கினான். இந்தப் பிப்ரவரியில் விலை உச்சிக்குப் போனபோது, "போதும், வித்துடுப்பா" என்று மெர்வானிடம் கெஞ்சினான். "இப்ப விக்கிறவன் முட்டாள்" என்று இவன் காதருகே மெதுவாகச் சொன்னான். விற்கப் பங்கு இருந்தால்தானே! ஜீவன்ஜி நம்பி இவனிடமே விட்டுவைத்திருந்த பங்குகளை அவனுக்குத் தெரியாமல் ஒரு வங்கியில் அடகு வைத்து, அந்தப் பணத்தில் அடுத்த கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.

அப்புறம் அமெரிக்காக்காரன் சண்டையை நிறுத்திவிட்டான். ஒருவரும் நம்மைக் கேட்கவில்லை. பஞ்சு விழுந்தது, பஞ்சோடு எல்லாம் விழுந்தது. ஜூலை ஒன்றாம் தேதி எல்லாக் கணக்கையும் தீர்க்க வேண்டிய நாள். அன்று காலை உன் மகன் குளித்து, புதுச் சட்டை போட்டு, "ஒரு மணி நேரத்துல வந்துடறேன், எனக்கும் சேர்த்துச் சமையுங்க" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கப் படியில் இறங்கிப் போனான். தீன்பாய் மீன் குழம்பை மூன்று தரம் சூடு பண்ணினாள். சாயங்காலத்துக்குள் குதிரைகளை ஒருவன் ஓட்டிப் போனான். வண்டியை இன்னொருவன் இழுத்துப் போனான். வண்டிக்காரன் சம்பள பாக்கிக்காக மெத்தைகளைக் கழற்றிப் போனான். கடைசியாக வந்தவனுக்கு எடுக்க ஒன்றும் இல்லை. என் பட்டு அங்கியைப் பார்த்தான். கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய கேத்வாடி அறைக்கு நடந்தே வந்தோம்.

ஜீவன்ஜி தினமும் வருவான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். ஒன்றரை மாதம் இப்படி. ஆகஸ்ட் நடுவில் ஒருநாள் வேட்டி நுனி ஈரமாக வந்தான்.

"பேஸ்தன், நேத்து நான் படகுல போய்ப் பார்த்தேன்."

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினேன்.

"நெசத்தைத்தான் சொல்லியிருக்கே. ரொம்ப விசாலம்" என்று சிரித்தான்.

என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் அவன் வீட்டுச் சந்துக் கிணற்றிலிருந்து அவன் உடலை எடுத்தார்கள். இந்தக் கோடையிலிருந்து பம்பாய்க் கிணறுகளில் இது எத்தனையாவது என்று யாரும் எண்ணுவதில்லை. சவ ஊர்வலத்தில் எல்லாரும் வழக்கப்படி இரண்டிரண்டு பேராக, நடுவில் வெள்ளைத் துணியை ஆளுக்கொரு நுனி பிடித்துக்கொண்டு நடந்தார்கள். என் துணியின் மறுநுனியைப் பிடிக்க யாரும் வரவில்லை. மழைச் சேற்றில் அது இழுபட, சவக் கோபுரம் இருக்கும் மலையடிவாரம் வரை தனியாக நடந்தேன். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இதைவிடக் கேள். புதுவருஷத்துக்கு முன் செத்தவர்கள் வீடு தேடி வரும் பத்து நாள் இருக்கிறதே, அதில் மூன்றாம் நாள். தீன்பாய் செத்தவர் ஒருவருக்கு ஒன்றாக வரிசையாக ஜாடிகளில் ரோஜாவை வைத்து, விளக்கேற்றி, அப்போதுதான் எழுந்தாள். கோர்ட்டுச் சேவகன் ஒருவன் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, "இங்க தாராப்ஜி யாரு? எதல்ஜி யாரு? பங்கோட மீதிப்பணம் கட்டலை, நோட்டீசு இருக்கு. நேர்லதான் குடுக்கணும்" என்றான்.

தீன்பாய் நிதானமாக, "நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருக்கீங்க. வருஷத்துல இந்தப் பத்து நாள்தான் அவங்க வீட்ல இருப்பாங்க. உள்ள வாங்க" என்றாள். அவன் உள்ளே வந்து ஜாடிகளைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றினான். பாவம், அவனுக்கும் ஒரு வேலை. கோடியில் தனியாக வைத்திருந்த ஒரு ஜாடியைக் காட்டி, "இது எந்தப் பேரு?" என்று கேட்டான்.

"ஜீவன்ஜி. அது உங்க லிஸ்ட்ல இருக்காது. அவர் முழுசாக் கட்டிட்டார்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு அவசியத்துக்குத்தான் பேசுகிறாள். கடிதத்தை எட்டிப் பார்த்தது அவசியம் என்று நினைத்திருக்கிறாள் போலும்.

ஆகவே கூவர், அண்ணன் என்ற முறையில் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவன் அங்கே வந்தால் கதவைத் திறக்காதே. அழுதாலும் திறக்காதே, அவன் மெதுவாகப் பேசினால் கட்டாயம் திறக்காதே. வீட்டை விற்று அவனைக் காப்பாற்றலாம் என்று கனவு காணாதே, பத்து வீடு விற்றாலும் காணாது. பார்த்தவுடன் போலீசில் ஒப்படைத்துவிடு. பெற்றவள் செய்ய முடியாது என்பாய். முடிய வேண்டும். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டேன், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று மேலே படித்தாயே. இனி எனக்கு மருமகன் இல்லை. உனக்கும் மகன் இல்லை என்று எண்ணி மனத்தைக் கல்லாக்கிக்கொள்.

தெருவில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு ஆசியையும் சொல். நெருப்புக் கோயிலில் என் பேருக்கு ஒரு சந்தனக்கட்டை போடு, விலை குறைந்ததே போதும். முழங்காலுக்கு எண்ணெய் தடவு. ஆண்டவன் உன்னையாவது நன்றாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
பேஸ்தன்ஜி தாராப்ஜி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து உன் எதிரே நிற்பவன் மெர்வான்தான். தாடியைப் பார்த்துப் பயப்படாதே. முந்தாநாள் விடியற்காலையில் வந்தான். வந்ததிலிருந்து சாப்பிடவில்லை, பேசவில்லை, எங்கள் முற்றத்துக் கிணற்றடியில் போய்ப் போய் நிற்கிறான். நானும் தீன்பாயும் முறைபோட்டுக் காவல் இருந்தோம். எத்தனை நாள் இருக்க முடியும்? ஜீவன்ஜியின் தமக்கையிடம் போய்ச் சொல்லிவிட்டு, அப்புறம் கோர்ட்டில் போய் நிற்கலாம், நானும் கூட வந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். அதற்கு முதலில் அவன் உயிரோடு இருக்க வேண்டும். அவன் கையில் கொடுத்து அனுப்ப ஏதாவது வேண்டுமே என்றுதான் உட்கார்ந்து இதை எழுதினேன். அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறேன், உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது. அம்மா கையில் நேரே கொடுத்து, பதில் வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும் என்று சொல்லி ரயில் ஏற்றுகிறேன். முதலில் சோறு போடு. பதில் எழுத அவசரப்படாதே.