மயூராவுக்கு வந்த சம்பந்தம்

மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிள் அறுந்துபோக, புதிது வாங்கிவரக் காஞ்சிபுரம் போயிருந்த மெக்கானிக் முனியன் வெறுங்கையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவருக்காகக் காத்திருந்த பஞ்சாட்சரம், கடைக்காரன் நாளைக்கு வரச் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

“கேபிள் இல்லயாம் ஐயா,” என்றார் முனியன்.

“எப்ப வருமாம்?”

“வராதாம். கம்பெனிய மூடி ஒன்ற வருசம் ஆவுதாம்.”

பஞ்சாட்சரம் பக்கத்திலிருந்த சோடாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சு ஈரமாக இருந்தது என்பது எழுந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

பஞ்சாட்சரம் நெல் தரகர். எழுபத்தோராம் வருஷம் மெட்ராஸுக்குப் போய் அவர் வாங்கிவந்த மயூரா மோட்டார் சைக்கிள்தான் பன்னிரண்டு வருஷமாக அவரைச் சுமந்தது. மற்ற தரகர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர் திருப்புலிவனத்துக் களத்தில் நெல்லை உள்ளங்கையில் கசக்கி ஊதிக்கொண்டிருப்பார். ஏரிக்கரையில் வண்டி வரும் சத்தம் கேட்டாலே களத்தில் இருப்பவர்கள் குவியலுக்கு மேலே காய்ந்த நெல்லைத் தூவி வைப்பார்கள் என்று ஊரில் பேச்சு. புதிதாக வந்த வண்டி ஒன்றை வாங்கச் சொல்லி மைத்துனர் ஒருமுறை ஓட்டக் கொடுத்தார். தெருமுனை வரை போய்த் திரும்பிய பஞ்சாட்சரம், ஆட்டின்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டார்.

காஞ்சிபுரம் கடையில் மயூரா சாமான் ஒரு மரப்பெட்டி நிறைய மிச்சம் இருப்பதாக முனியன் சொன்னார். பிஸ்டன், பிரேக் ஷூ, செயின் எல்லாம் இருக்கின்றன. கேபிள் மட்டும் இல்லை. எடுத்தால் பெட்டியோடு எடுக்க வேண்டுமாம். பஞ்சாட்சரத்துக்கு மூச்சு கொஞ்சம் திரும்பி வந்தது. முனியன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“மானாம்பதி வண்டிக்கா கேக்கறன்னு கடக்காரன் கேட்டான் ஐயா. அங்க ஒரு மயூரா கீதாம்.”

பஞ்சாட்சரம் மறுபடியும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். தாலுகாவிலேயே ஒரே மயூரா தன்னுடையதுதான் என்று பன்னிரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்தவர் அவர்.

பெட்டி எங்கும் ஓடிவிடாது, முதலில் மானாம்பதி வண்டியை வாங்கிவிட்டால் கேபிளும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, மறுநாள் பஸ் ஏறினார்.

மானாம்பதிக்காரரின் பெயர் சின்னப்பையன். ஆள் ஆறடி உயரம், தலை முழுக்க நரை, நாற்பது ஏக்கர் நஞ்சை. அவருடைய மயூரா மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. சீட்டின்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கிக்கர் உடைந்து இரண்டு வருஷமாகிறது, பேரீச்சம்பழக்காரன் வந்தால் போட்டுவிட வேண்டியதுதான் என்று சின்னப்பையனே சொன்னார்.

பஞ்சாட்சரம் அப்போது தலையை ஆட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எந்தச் சரக்கையும் முதலில் மட்டம்தட்டிவிட்டு அப்புறம் விலை கேட்பது அவருடைய தொழில். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றார். உலகத்திலேயே காஞ்சிபுரத்தில் ஒரே ஒரு பெட்டி சாமான்தான் பாக்கி என்றார். இது வெறும் இரும்பு, இடத்தை அடைக்கிறதே என்று பாவப்பட்டு எடுத்துப்போக வந்தேன் என்றார்.

சின்னப்பையன் நாற்பது வருஷமாகத் தரகர்களுக்கு நெல் விற்றவர். தரகன் எதை மட்டம் என்கிறானோ அதை வீட்டுக்குள் பூட்டிவைப்பது அவர் வழக்கம். யோசித்துச் சொல்கிறேன் என்று மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

பஞ்சாட்சரம் அடுத்த நாள் காஞ்சிபுரம் கடைக்குப் போனபோது பெட்டி இருந்த இடத்தில் சதுரமாகத் தூசியில்லாத தரை மட்டும் இருந்தது. காலையில் முதல் பஸ்ஸில் மானாம்பதியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், பெட்டியோடு எடுத்துக்கொண்டார், பஸ் கூரைமேல் ஏற்ற நான்தான் ஆள் கொடுத்தேன் என்றார் கடைக்காரர். பஞ்சாட்சரத்துக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கடைக்காரர் அதற்குமேல் என்ன சொன்னார் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் அப்படியே மெட்ராஸுக்குப் போனார். பழைய இரும்புக் கடைகள் இருக்கும் தெருத்தெருவாக மூன்று நாள் அலைந்து, ‘மயூரா’ என்று முத்திரை குத்திய எதையும் விடாமல் வாங்கி, இரண்டு கோணிப்பை நிறையக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். முனியன் கோணியை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார். பரப்பி முடித்துத் தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் மயூராதான் ஐயா. ஆனா இது அதே கம்பெனி போட்ட மூணு சக்கர லோடு வண்டியோட ஜாமான்.”

வாங்கியதைத் தூக்கி எறிய மனசு வருமா? என்றைக்காவது உதவும் என்று பஞ்சாட்சரம் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோனார். இடம் போதவில்லை. பல்சக்கரங்கள் பருப்பு டின்னுக்குள் போயின. செயின், சாமி மாடத்தில் விளக்குக்குப் பின்னால் போயிற்று. அவர் மனைவி சுலோச்சனா ஒரு காலை அவசரத்தில் கடுகு டப்பாவில் கையை விட்டு, ஒரு பிடி பால்ரஸ் குண்டுகளைக் காய்ந்த எண்ணெயில் போட்டாள். வெகுநேரமாகியும் வெடிக்காததைப் பார்த்துத்தான் குனிந்து பார்த்தாள். குண்டுகளை ஜல்லிக்கரண்டியால் அரித்து, எண்ணெய் வடியவிட்டு, ஒரு தட்டில் வைத்துக் கணவர் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பஞ்சாட்சரம் அடுத்த யோசனைக்குப் போய்விட்டிருந்தார். சின்னப்பையனுக்குத் தன்மேல்தான் சந்தேகம், வேறு ஆள் போய்க் கேட்டால் தந்துவிடுவார். பழைய வண்டியிலிருந்து கேபிளை மட்டும் கழற்றிவரச் சொல்லி முனியனை மானாம்பதிக்கு அனுப்பினார்.

முனியன் அன்றைக்குத் திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை தெருவில் மயூரா சத்தம் கேட்டது. தன் வண்டியை யாரோ கிளப்பிக்கொண்டு போகிறார்கள் என்று பதறி வெளியே ஓடிவந்தார் பஞ்சாட்சரம். அவர் வண்டி வேப்பமரத்தடியில் அசையாமல் நின்றது. தெருவில் வந்தது சின்னப்பையன். பின்சீட்டில் முனியன்.

“கிக்கர் மாட்டத் தெரியுமான்னு கேட்டாரு ஐயா,” என்றார் முனியன், இறங்காமலேயே. “தெரியும்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்.”

சின்னப்பையன் எஞ்சினை நிறுத்தாமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு, தரகர் வந்து சொல்லாவிட்டால் இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பேன் என்று மனமார நன்றி சொன்னார். பிறகு வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

“உங்குளுது ஓடறதில்லயாமே தரகரே. சும்மா வச்சிக்கினு இன்னாத்துக்குப் பேஜார் படறீங்க? எனக்குத் தந்துடுங்க, ஸ்பேருக்கு ஆவும்.”

பஞ்சாட்சரத்தின் வாய் திறந்தது. வண்டி தெருமுனை திரும்பிச் சத்தம் அடங்கிய பிறகும் அவர் வாய் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. களத்துக்குப் பஸ்ஸில் போனார். போய்ச் சேர்வதற்குள் மற்ற தரகர்கள் பேசி முடித்திருந்தார்கள். திருப்புலிவனத்தில் ஒருவர், வண்டி சத்தம் கேட்காததால் நீங்கள் ஊரிலேயே இல்லை என்று நினைத்தோம் என்றார்.

ஒரு மத்தியானம் சோறு போடும்போது சுலோச்சனா மகள் கனகாவின் கல்யாணப் பேச்சை எடுத்தாள். நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது, பையன் கோபாலுக்குச் செங்கல்பட்டில் கூட்டுறவு ஆபீஸில் வேலை, நமக்குத் தூரத்து உறவுமுறைதான் என்றாள். பஞ்சாட்சரம் அசுவாரசியமாக ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“எந்த ஊராம்?”

“மானாம்பதி. சின்னப்பையன்னு சொல்றாங்களே, அவுரு மவன்.”

பஞ்சாட்சரத்தின் கை இலையிலேயே நின்றுவிட்டது. வந்த வரன்களில் மூன்றை ஜாதகம் சரியில்லை என்று தள்ளியவர் அவர். இந்த முறை ஜாதகம் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. சம்பந்தி ஆகிவிட்டால் அந்த மரப்பெட்டி அந்நியர் வீட்டுச் சொத்தா? அந்த வண்டிக் கேபிளைக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாளே ஏதோ சாக்குச் சொல்லி மானாம்பதிக்குப் போய்வந்தார். கனகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

“பாத்தியா நைனா? எப்பிடி கீது?”

“ரெண்டு டயரும் புதுசும்மா,” என்றார் பஞ்சாட்சரம்.

நல்லவேளையாகக் கனகா கோபாலை முன்பே பார்த்திருந்தாள். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் ஒருநாள் அவன் எழுந்து இடம் கொடுத்தானாம். அவளுக்குச் சம்மதம்.

நிச்சயதார்த்தத்துக்கு மானாம்பதியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். கூடத்தில் ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமுமாக உட்கார்ந்தார்கள். சீர் பேச்சு வந்தது. சின்னப்பையன் தொண்டையைச் செருமிக்கொண்டார். தங்களுக்கு நகை இவ்வளவு, பாத்திரம் இவ்வளவு என்ற கேள்வியே கிடையாது என்றார். கூடம் முழுக்க, எவ்வளவு பெரிய மனசு என்று முணுமுணுத்தது. பஞ்சாட்சரத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“பையனுக்கு உங்க மயூராவ மட்டும் குடுத்துடுங்க சம்மந்தி. போதும்.”

பஞ்சாட்சரத்தின் கையிலிருந்த தாம்பூலத் தட்டு சாய்ந்து பாக்கு உருண்டது. யாரோ பொறுக்கிக் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஓடாத பழைய வண்டி ஒன்றைத்தானே கேட்கிறார்கள், இதற்கு என்ன யோசனை என்று ஒருவர் காதருகில் சொன்னார். பஞ்சாட்சரம் சுலோச்சனாவைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடியாது என்றால் கல்யாணம் நின்றுபோகும். அவர் மனசு தறிகெட்டு ஓடி ஒரு மூலையில் வழி கண்டுபிடித்தது. தனக்கு வண்டி இல்லையென்றால் அந்த ஆளுக்கும் இருக்கக் கூடாது.

“தரேன்,” என்றார். “ஆனா உங்குளுதயும் மாப்பிளைக்கே குடுத்துடணும். ரெண்டும் ஒரே கையில இருக்கட்டும். அந்தப் பெட்டியும்.”

இப்போது சின்னப்பையனின் முகம் வெளுத்தது. அவர் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஜெயம்மாள், அதுதான் நியாயம், அப்படியே செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் கைதட்டாத குறை. தட்டு மாறியது.

கல்யாணம் உத்திரமேரூர் பெருமாள் கோயிலில் நன்றாகவே நடந்தது. இரண்டு மயூராக்களும் மாலை போட்டு வாசலில் நின்றன. இரண்டு சம்பந்திகளும் அவற்றுக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஆபீஸுக்குப் போவது பஸ்ஸில்தானே, வண்டி இங்கேதான் நிற்கப்போகிறது, நாம் எடுத்து ஓட்டினால் கேட்கவா போகிறார் என்று இருவருமே தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் மறுவீட்டு விருந்து. பஞ்சாட்சரம் காலையிலிருந்து தெருவில் காதை வைத்துக் காத்திருந்தார். மயூரா சத்தம் கேட்கவேயில்லை. திடீரென்று வாசலில் ஒரு புத்தம்புது ஸ்கூட்டர் வந்து நின்றது. முன்னால் கோபால், பின்னால் கனகா.

மயூரா எங்கே என்று அவர் கேட்டார். கோபால் செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னான்.

“ரெண்டயும் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோயி எடைக்குப் போட்டுட்டேன் மாமா. அந்தப் பெட்டியோட சேத்து. ஜாமான் கெடைக்காத வண்டிய வச்சிக்கினு இன்னா பண்றது?”

பஞ்சாட்சரம் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஜெயம்மாளோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துசேர்ந்த சின்னப்பையனுக்கும் விஷயம் சொல்லப்பட்டது. அவர் தூணின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். எடைக்கா, எடைக்கா என்று அவர் இரண்டு தரம் கேட்டார். அப்புறம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, என்ன போட்டார்கள் என்று தெரியாமலேயே சாப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர்மேல் ஒருவருக்கு இரக்கம் வந்தது.

பரிமாற ஒத்தாசையாக ஜெயம்மாள் பாயசம் ஊற்ற வந்தபோது பஞ்சாட்சரத்தால் அடக்க முடியவில்லை. அன்றைக்கு நிச்சயத்தில் நீங்கள் மட்டும் என் வண்டியைக் கேட்காமல் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா தங்கச்சி என்று கேட்டார்.

ஜெயம்மாள் கரண்டியை அப்படியே நிறுத்தி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நாங்க எங்கண்ணா கேட்டோம்? அண்ணிதான் மொத ஆளா எங்க வூட்டுக்கு வந்து, ‘வண்டியக் கேக்கற எடத்துக்குத்தான் எம் பொண்ணு’ன்னு சொல்லிட்டுப் போனாங்க.”