எஸ்தரின் லேப்டாப்பில் வைரம்

என் மனைவியை ஒரு முறை நானே ஏமாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். நல்ல எண்ணத்தில்தான். கெட்ட எண்ணத்தில் ஏமாற்றுகிற தைரியம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது.

காரணம் பக்கத்து வீட்டுக் குமாரவேல். பட்டு நெசவு செய்கிறவர். புடவைக்கு டிசைன் போட ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். போன வாரம் அவருக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் நுழைந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் பேசவும் என்று. பேசினார். எதிர்முனையில் இருந்தவன் ரொம்ப மரியாதைக்காரன். ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். இவரும் இறக்கினார். ஆப் என்று சொல்லி ஆப்பு வைத்துவிட்டான். திரையில் அம்புக்குறி தானாக ஓடியதாம். இவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாங்குக் கணக்கைத் துடைத்துவிட்டான்.

மனிதர் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார். "இதுகூடவா தெரியாது?" என்று நான் ஆரம்பித்தேன். எஸ்தர் ஒரு தட்டில் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் கவலை நிற்கவில்லை. எஸ்தரும் லேப்டாப் வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்களுக்கு ஆரி வேலை செய்து ஜாக்கெட் தைப்பது அவள் தொழில். வெளியூர்க்காரர்கள் மெயிலில்தான் டிசைன் அனுப்புவார்கள். யார் எதை அனுப்பினாலும் திறந்து பார்ப்பாள். புத்தி சொல்லலாம் என்றால், இந்த வீட்டில் புத்தி சொல்கிற வேலை என்னிடம் இல்லை. ஆகவே ஒரு சின்னப் பரீட்சை வைத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். அவள் ஏமாறட்டும். பிறகு நான் சிரித்துக்கொண்டே பாடம் நடத்துவேன். ரங்கசாமி குளத்தருகே ஜெராக்ஸ் கடை நடத்துகிறவன் நான். ஊரில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி திறந்துகொடுத்த இளங்கோவன். எனக்கு அந்தத் தகுதி உண்டு.

கடையில் உட்கார்ந்து மெயிலைத் தயாரித்தேன். மோசடி மெயிலுக்கு என்னென்ன லட்சணம் உண்டோ அத்தனையும் வைத்தேன். அனுப்புகிறவர் விலாசம் எழுத்தும் எண்ணுமாகக் குளறுபடி. பெயர் சொல்லாமல் 'அன்புள்ள வாடிக்கையாளரே'. யோசிக்க நேரம் தராமல் 'மதியத்துக்குள் உங்கள் லேப்டாப் செத்துவிடும்'. கேட்காமலேயே உதவிக்கு வருகிற ஒரு போன் நம்பர். அது கடையில் சும்மா கிடந்த இன்னொரு சிம்முடையது; அதை என் போனில் போட்டுக்கொண்டேன். கடைசியாக எழுத்துப்பிழை. வைரஸ் என்பதை வேண்டுமென்றே 'வைரம்' என்று அடித்தேன். அனுப்பிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன்.

எஸ்தர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் தீவிரமாக இருந்தது. கையில் போனை எடுத்தாள்.

"மாடியில துணி காயுதே, எடுத்துக்கினு வரேன்" என்றேன்.

"இப்பத்தான காயப்போட்டேன்" என்றாள்.

அதற்குள் நான் பாதிப் படி ஏறிவிட்டேன். மாடிக்குப் போய்ச் சேர்வதற்கும் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசினேன்.

"வணக்கம் மேடம். கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையம். தலைமை அலுவலகம், டெல்லி."

"வணக்கம் சார். நம்ம லேப்டாப்புல வைரம் இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க. எப்ப எடுத்துத் தருவீங்க? ஒரு மூக்குத்தி பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"அது வைரஸ் மேடம். எழுத்துப்பிழை."

"ஓ. ஏன் சார் இப்பிடி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"எங்க ஆபீஸ் மேல் மாடி மேடம். லிப்ட் வேலை செய்யல."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு ஆட்டோ வந்தது. 'பழைய பட்டுப்புடவை, கிழிஞ்ச ஜரிகைப்புடவை வாங்குறோம்' என்று அதன் ஒலிபெருக்கி கத்தியது.

"டெல்லியிலகூட பட்டுப்புடவை வாங்க வராங்களா சார்?"

"வராங்க மேடம். இப்ப நான் சொல்ற ஆப்பை..."

"இருங்க சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். நீங்க படிச்சவரு. எங்க வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி மூச்சு வாங்குது. படி ஏறினா பாதியில நின்னு செவுத்தைப் பிடிச்சிக்கிறாரு. நான் பாத்தா செவுத்துல பெயிண்ட் உதிருதுன்னு சொல்றாரு. நடுவுல நெஞ்சைத் தேச்சிக்கிறாரு. கேட்டா வாயுங்கறாரு."

சுவர் விஷயத்தை அவள் கவனித்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"டாக்டர்கிட்ட போலாம்னா கடையில வேலைங்கறாரு. பயம் சார் அவருக்கு. பயம்னு சொல்லவும் பயம். ரொம்ப நல்ல மனுசன் சார். கல்யாணத்துல ரெண்டு வீட்டாரும் வரல. அன்னைக்கு என் கையைப் பிடிச்சிக்கினு, நான் இருக்கேன்ல, போதாதான்னு கேட்டாரு. போதும்னு சொன்னேன். இப்பவும் அதேதான் சார் போதும். லேப்டாப் செத்தா வேற வாங்கிக்கலாம். இவருக்கு எதுனா ஆச்சுன்னா நான் எந்த நம்பருக்கு சார் போன் பண்றது?"

கைக்குட்டை இப்போது வாயிலிருந்து கண்ணுக்குப் போயிருந்தது. குரலை மாற்றவேண்டும் என்பதே மறந்துவிட்டது. அதுவாகவே மாறியிருந்தது.

"டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போங்கம்மா" என்றேன்.

"எப்ப சார்?"

"இன்னைக்கே."

"வர மாட்டேன்னா?"

"வருவாரும்மா."

"நீங்க சொன்னதா சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"நன்றி சார். நீங்களும் உடம்பைப் பாத்துக்கோங்க. மாடிப்படி மெதுவா இறங்குங்க."

போனை வைத்தேன். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் இறங்கினேன். எஸ்தர் சாப்பாடு போட்டு வைத்திருந்தாள்.

"சாயந்திரம் கடைக்கு லீவு விட்டுடுங்க. டாக்டர்கிட்ட போறோம்."

"யார் சொன்னாங்க?"

"டெல்லியிலேர்ந்து ஒரு கம்ப்யூட்டர்காரரு."

இதுதான் சமயம் என்று நினைத்தேன். இழந்த மரியாதையை மீட்டாக வேண்டும். "எஸ்தர், அவன் மோசடிக்காரன். வைரஸ் இருக்குதுன்னு எந்தக் கம்பெனியும் தானா மெயில் போட்டு நம்பர் தராது. விலாசத்தைப் பாத்தியா? அவசரப்படுத்தியிருக்கான் பாரு. உன் பேரே போடல, அன்புள்ள வாடிக்கையாளரேன்னு போட்டிருக்கான்."

அவள் லேப்டாப் மூடியிருந்தது. நான் மெயிலை இன்னும் பார்க்கவில்லை என்பது பேசி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எஸ்தர் ரசத்தை ஊற்றினாள். "எல்லாம் தெரியுங்க. குமாரவேல் அண்ணன் அழுத அன்னைக்கே அவர்கிட்ட உக்காந்து ஒண்ணொண்ணாக் கேட்டுக்கினேன். மெயில் முழுக்கப் பொய்தான். ஆனா சொன்ன ஆளு பொய் இல்ல. சாப்பிடுங்க."

சாயங்காலம் போனோம். டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார். அந்த நேரம் முழுக்க எஸ்தர் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். அதை ஏன் எடுத்து வைத்துக்கொண்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கழற்றிப் போட்ட இடத்திலேயே விட்டிருக்கலாம். அதை அவள் நெஞ்சோடு அணைத்திருந்ததைப் படுத்த இடத்திலிருந்து பார்த்தேன். அவள் பயத்துக்கு முன்னால் நான் பயந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்று தோன்றியது.

டாக்டரம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழுத்தம் ரொம்ப ஏறியிருக்கு. இதயம் கஷ்டப்பட ஆரம்பிச்சிருக்கு. மாத்திரை தரேன், உப்பைக் குறைங்க, சரியாயிடும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பெரிய செலவுல கொண்டுபோய் விட்டிருக்கும். சரியான நேரத்துல வந்திருக்கீங்க. யார் அனுப்பினாங்க?"

எஸ்தர் செருப்பைக் கீழே வைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஒரு மோசடிக்காரரு டாக்டர். நல்ல மனுசன். ஏமாத்தத்தான் சுத்தமா வரல."