ஆராயியின் மல்லாட்டைக்கு நான் பார்த்த காய்ச்சல்

விருத்தாசலம்,
14-12-1972

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கு கர்த்தருடைய கிருபையால் நான் நலம். இந்த வரியை நான் பாதி நம்பிக்கையோடுதான் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். இந்த முறை உடம்பு நிஜமாகவே நலம், மானம்தான் நலமில்லை. அத்தானுக்கு மூட்டுவலி தேவலையா? கிறிஸ்துமஸுக்கு இருபத்திரண்டாம் தேதியே அங்கு வந்துவிடுகிறேன், மாடி அறையைக் கூட்டி வை. காரணம் கீழே. அத்தானிடம் படித்துக் காட்டாதே.

ஞாயிறு இரவு மணிமுத்தாறு கரை மீறியதில், ஆற்றோரத்து ஜனங்கள் ஆறு குடும்பம் எங்கள் கோயிலுக்குள் தங்கியிருக்கிறார்கள். சபையார் முறை வைத்துச் சோறாக்கிப் போடுகிறார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கடைசி ஜெபத்துக்குள் நழுவிவிடுகிறவளை யார் கூப்பிடுவார்கள்? நானாகத்தான் போனேன். ஆராயி என்கிற அம்மாளுக்கு வீட்டுச் சுவர் விழுந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த மார்கழியில் போட வைத்திருந்த விதைக்கடலை, அவள் பேச்சில் மல்லாட்டை, இரண்டு மூட்டையும் நனைந்துவிட்டது. அது முளைக்காவிட்டால் நிலம் சும்மா கிடக்கும், அவள் கூலிக்குப் போக வேண்டியதுதான். வெயிலோ கண்ணிலேயே இல்லை. பீங்கான் சூளையில் வேலை செய்கிற எங்கள் சபை ஜெயராஜ், "எங்க சூளை ஆறிகிட்டு இருக்குதுங்க, அது பக்கத்துல பரப்பினா ரெண்டு நாள்ல காஞ்சிடும்" என்றான். எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் எழுந்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கோயிலுக்குள் வாய் திறந்தேன், அதுவும் விதைக்கரு எவ்வளவு சூடு தாங்கும் என்பது பற்றி. சூடு மிஞ்சினால் விதை செத்துப்போகும், அளந்து பார்க்கணும் என்றேன். ஜெயராஜ், "நான் பதினெட்டு வருஷமா இதாலதான் அளக்கறேன் டீச்சரம்மா" என்று புறங்கையைக் காட்டினான். புறங்கை ஒரு கருவியா என்று கேட்டேன் அக்கா! கேட்டுவிட்டு, பட்டணத்தில் தாவரவியல் படித்த நான் வீட்டுக்கு ஓடி எடுத்து வந்த கருவி என்ன தெரியுமா? நம் அப்பாவின் காய்ச்சல் தர்மாமீட்டர்.

சூளைக்குப் போய், பரப்பியிருந்த கடலைக்கு நடுவில் அதைச் செருகினேன். சுற்றி நாற்பது பேர். ஆராயி என் பக்கத்தில் குந்தி, "மல்லாட்டைக்கு ஜொரமா டீச்சரம்மா? நாக்குக்கு அடியில வைக்க வேணாமா?" என்றாள். நான் சிரிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் பாதரசம் நூற்றெட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. விதை செத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அந்தத் தர்மாமீட்டரில் நூற்றெட்டுக்கு மேல் கோடே கிடையாது. அதன் முனை கடலையில் இல்லை, அடியில் இருந்த சூடான செங்கல்லில் முட்டிக்கொண்டிருந்தது. இதை ஜெயராஜ் வாயால் சொல்லவில்லை, மரியாதையாகச் செங்கல்லைப் பார்த்தான், அவ்வளவுதான். அதற்காகச் சொன்னதை மாற்றிச் சொல்ல முடியுமா, இருபத்துநாலு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள்? இனி இது தின்னத்தான் லாயக்கு என்று ஒரு பிடி எடுத்து, உரித்து, எல்லோரும் பார்க்கத் தின்றும் காட்டினேன். போதகர் ஐயா பாவம், படித்தவள் சொல்கிறாளே என்று, "அப்போ அவிச்சுப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடலாமே" என்றார். ஆராயி கடலை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் உசுரு இருக்கிற வரைக்கும் இத வேவ வுடமாட்டேன். இந்தாங்க டீச்சரம்மா, இருவது கொட்டை. கொண்டு போயி ஈரத்துணியில போட்டுப் பாருங்க. மொளைக்கலன்னா நானே அவிக்கறேன். மொளைச்சா, தின்னதுக்கு நீங்கதான் ஜவாப்பு."

இருபதும் இப்போது என் மேசைமேல் ஒரு பீங்கான் தட்டில், ஈரத்துணிக்குள் கிடக்கின்றன. முளைக்காவிட்டால் ஆராயி முகத்தில் எப்படி விழிப்பேன்? முளைத்தால் ஜெயராஜ் முகத்தில்? எப்படிப் பார்த்தாலும் எனக்கு உன் மாடி அறைதான் கதி.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்களைக் காப்பாராக. அவருக்கு நேரம் ஒழிந்தால் என்னையும்.

உன் தங்கை,
ராஜம்மாள்

பி.கு. (18-12): இதை ஒட்டாமலேயே வைத்திருந்தேன். இன்று காலை துணியைப் பிரித்தால் இருபதில் பதினெட்டு வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டிருக்கின்றன. தட்டோடு கோயிலுக்கு ஓடினேன், குடைகூட எடுக்கவில்லை. ஆராயி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "இன்னும் ஒரு பிடி வரணுமே" என்று என் வயிற்றைப் பார்த்தாள். இருபத்திரண்டாம் தேதி ஏர் பூட்டுகிறார்களாம், ஏருக்குப் பின்னால் கொட்டை போட ஓர் ஆள் குறைகிறதாம். மாடி அறையைக் கூட்டாதே.