இரண்டாவது ரவுட்டர்

"இனிமே இந்த வீட்டுல நெட் போச்சுன்னு ஒரு சத்தம் வந்தா, என் பேரையே மாத்திக்கிறேன்!"

இப்படிச் சவால் விட்டவருக்கு ஆபீசில் வைத்த பேர் அணையாவிளக்கு. கம்பெனி நெட்வொர்க் முழுக்க அவர் கையில்தான். ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷர் வீட்டிலேயே நெட் படுத்துவிட்டது. அதுவும் எப்போது? அவர் மனைவி ஆன்லைனில் தையல் வகுப்பு எடுக்கும்போது, சரியாகக் கழுத்து வெட்டுகிற இடத்தில். மாணவிகள் பாதி வெட்டிய துணியோடு விழித்தார்கள்.

"ஊருக்கெல்லாம் எரியற விளக்கு, நம்ம வீட்டுல மட்டும் அணைஞ்சு போகுது" என்றாள் அவள். அவ்வளவுதான். அது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அந்தப் பேச்சை அவள் வாயாலேயே வாபஸ் வாங்க வைக்காவிட்டால் அவர் என்ன ஆம்பளை!

ஞாயிற்றுக்கிழமை அலமாரி மேல் இரண்டு ரவுட்டர்கள் ஜோடியாக உட்கார்ந்தன.

"ரெண்டு எதுக்குங்க? ஒண்ணையே ஒழுங்கா வைக்கக் கூடாதா?"

"இது மெயின், அது ஸ்டாண்ட்பை. வேலை பார்க்கிறது ஓயாம 'இருக்கேன், இருக்கேன்'னு குரல் குடுத்துக்கிட்டே இருக்கும். குரல் கேட்கிற வரைக்கும் மத்தது கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கும். குரல் நின்னுச்சோ, கபால்னு வேலையைத் தூக்கிக்கும்!"

"சும்மா இருக்கிறதுக்குன்னே ஒண்ணு. நம்ம வீட்டுக்குப் புதுசா என்ன?"

குத்தல் அவர் காதில் ஏறவில்லை. "சோதிச்சுப் பார்க்காத ஸ்டாண்ட்பை இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்றபடி மெயின் ரவுட்டரின் வயரைப் பிடுங்கினார். அவள் கையிலிருந்த போனில் ஓடிய வீடியோ கொஞ்சம்கூடத் திக்கவில்லை. மீசையை நீவிக்கொண்டே வயரைத் திரும்பச் செருகினார்.

"இப்ப மெயின் எழுந்திருச்சிடுச்சே. வேலையைத் திரும்ப வாங்கிக்குமா?"

"எதுக்கு? நடுவுல மாத்தினா ஒரு தடுமாற்றம் வரும். ஸ்டாண்ட்பைதான் நல்லா ஓடுதே! அது விழுற வரைக்கும் மெயினுக்கு ஓய்வு. நான் அப்படித்தான் செட் பண்ணி வச்சிருக்கேன்."

"நல்ல ஏற்பாடுங்க. சரி, நான் படுத்துட்டா இந்த வீட்டுக்கு யாரு ஸ்டாண்ட்பை?"

"நான் எதுக்கு இருக்கேன்? அடுப்படி என்ன பெரிய வித்தையா?"

"அப்ப சோதிச்சுப் பார்த்துடலாமா?"

"தாராளமா!"

மறுநாள் காலையிலேயே அவள் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. மனுஷர் அசரவில்லை. அடுத்த வேளையே பொலபொலவென்று வடித்துவிட்டார். துவைத்தார், தேய்த்தார், பாத்திரத்தை முகம் பார்க்கிற மாதிரி விளக்கினார். ஒவ்வொன்றையும் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினார். "பிரமாதம்ங்க" என்று உடனுக்குடன் பதில் வந்தது. வந்ததும் வாபஸ் வாங்கத்தான் போகிறாள். அப்புறம் ஜன்னலோரம் இருக்கும் தன் சாய்வு நாற்காலி, தன் தூக்கம், தன் ராஜ்ஜியம்!

வார இறுதியில் அவள் வந்தாள். அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். கரண்டியில் குழம்பு ஒரு சொட்டு எடுத்து நக்கிப் பார்த்தாள்.

"அன்னிக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேங்க. விளக்குன்னா நீங்கதான் விளக்கு."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தோளில் கிடந்த கைப்பிடித் துணியை எடுத்து, "இந்தா, பிடி" என்று நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. நேரே போய் அவருடைய சாய்வு நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்தாள்.

"என்னம்மா இது? மெயின்தான் வந்தாச்சே!"

"வந்தாச்சு. நடுவுல மாத்தினா தடுமாற்றம் வரும்னு நீங்கதானே சொன்னீங்க? ஸ்டாண்ட்பை நல்லா ஓடுது. ஓடட்டும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் நெட்வொர்க் மூளை இல்லையா, பளிச்சென்று ஒரு வழி தட்டுப்பட்டது. அது விழுற வரைக்கும் என்றுதானே சொன்னோம்? இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தார்.

"ஐயோ! இடுப்பு போச்சே! நான் விழுந்துட்டேன்டி, விழுந்துட்டேன்!"

அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"குரல் கேட்குதேங்க. குரல் கேட்கிற வரைக்கும் நான் கையைக் கட்டிக்கிட்டுத்தானே இருக்கணும்? எழுந்து ஒரு டீ போட்டுட்டு வாங்க."