ஏரி பார்க்கப் போன நாலு கிலோ பைல்

பிள்ளைகள், நேற்றுப் பின்னேரம் நீங்கள் இரண்டு பேரும் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு எல்லை தாண்டி மினசோட்டாவுக்குப் போகத் திட்டம் போட்டதை நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். போனில் பத்து நிமிடம். தங்குமிடம் சரி, பாதை சரி, படகு வாடகை சரி. "பேப்பர் எல்லாம் எடுத்தாச்சோ?" என்று நான் ஒரு வார்த்தைதான் கேட்டேன். "அப்பா, யூ சவுண்ட் லைக் பைல் அங்கிள்" என்று மூத்தவள் சொல்ல, சின்னவன் சோபாவிலிருந்து விழுந்து சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் அல்ல, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைல் அண்ணையைப் போலக் காகிதத்தை நம்பிய மனிதர் கனடாவில் மட்டுமல்ல, காகிதத்தைக் கண்டுபிடித்த நாட்டிலேயே இருந்திருக்க மாட்டார். ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கம் நான் வேலை செய்த பெட்டித் தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் நின்றவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லாருக்கும் பைல் அண்ணைதான். மூன்று வளையம் போட்ட கறுப்பு பைல் ஒன்று எப்போதும் கைக்குள் இருக்கும். ஒரு நாள் பகிடிக்கு அதைப் பார்சல் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தோம். நாலு கிலோ. பிறந்த பிள்ளை அதைவிடப் பாரம் குறைவு.

காலுக்குச் சப்பாத்து வாங்கப் போனாலும் பைல், பல்லுப் பிடுங்கப் போனாலும் பைல். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் நட்சத்திரம் கேட்டபோது, சாதகத்தின் போட்டோக்கொப்பி இரண்டை நீட்டினார்.

"இரண்டு ஏன்?" என்று ஐயர் கேட்டார்.

"ஒண்டு உங்களுக்கு, ஒண்டு சாமிக்கு."

கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "உதுக்கும் கன பேப்பர் வேணும் தம்பி" என்பார்.

எல்லாரும் சிரிப்போம். அந்தப் பைல் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சிரிப்போம். அவர் கனடாவுக்கு வந்த புதிதில், நியூ ஜேர்சியில் நடந்த ஒரு கலியாணத்துக்கு ஒரே வான் வண்டியில் பதினொரு பேராகப் போயிருக்கிறார்கள். மடியில் பலகாரத் தட்டுகள். பெண்ணின் தாய்மாமனும் அந்த வானுக்குள்தான். அமெரிக்க எல்லையில் பைல் அண்ணையிடம் ஒரு பேப்பர் குறைந்தது. ஒருவருக்காக முழு வானையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே தாய்மாமன் இல்லாமலே தாலி ஏறியது. இங்கே பதினொரு பேரும் ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்று பலகாரம் தின்றார்கள். ஒருவரும் அவரை ஏசவில்லையாம். "ஏசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும் தம்பி" என்றார் என்னிடம். அதன் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக அவர் எந்த எல்லைப் பக்கமும் போகவில்லை. சிற்றிசன் எடுத்துக் கனடாப் பாஸ்போட் வந்த பிறகும் போகவில்லை.

தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஒரு பழைய கலண்டர் தொங்கியது. மெசின் விற்கிற மினசோட்டாக் கம்பனி ஒன்று அனுப்பியது. ஓர் ஏரி, ஒரு மரப் பலகைத் துறை, பக்கத்தில் ஒரு சிவப்பு ஓடம். வருடம் முடிந்து எத்தனையோ வருடமாகியும் அதைக் கழற்ற அவர் விடவில்லை. சோற்றைப் பிசைந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மாசி மாதத்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, திடீரென்று கலண்டரைக் காட்டிச் சொன்னார்: "தம்பி, இந்த சமர் லீவுக்கு உங்கை போவம். உம்மடை குடும்பமும் நானும்."

"அண்ணை, ஒன்ராறியோவில இல்லாத ஏரியோ? மூண்டு மணித்தியாலம் ஓடினால் போதுமே."

"இஞ்சத்தை ஏரிக்குப் போக ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். எனக்குக் கேட்டு, பிறகு போ எண்டு விடுற இடத்துக்குப் போகோணும்."

அடுத்த நாளே நான் ஆடி மாதத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

அன்று தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும் கோப்பிக் கடையில் எங்களுக்கு வகுப்பு. உங்களுக்கு அப்போது பத்தும் ஆறும் வயது. தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, எல்லை அதிகாரியாக மாறிவிடுவார். நாற்பத்தொரு கேள்விகள்.

"இவர் உம்மடை அப்பா எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்று மூத்தவளைக் கேட்டார்.

"ஹீ ஸ்நோர்ஸ் அங்கிள். நானும் ஸ்நோர் பண்ணுவன்."

குறட்டை என்று அவர் எழுதிக்கொண்டார். சின்னவனிடம், "என்னத்துக்குப் போறீர்?" என்றார்.

"பிஷ் பிடிக்க."

"லைசென்ஸ் கிடக்கோ?"

"அங்கிள், ஐ ஆம் சிக்ஸ்!"

அம்மாவின் சாப்பாட்டுக்கும் பட்டியல் போட்டார். அவித்த அரிசிமா, தேங்காய்ப்பூ சேர்த்தது, ஒரு சட்டி என்று புட்டை ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கினார். வீடு வாங்கிய உறுதி, உங்கள் பள்ளிக்கூட ரிப்போட், எங்கள் கலியாணப் படம், எல்லாம் பைலுக்குள் போயின. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "உந்த மனுசன் எங்களைப் பிக்னிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறாரோ, கோட்டிலை வழக்குக்குக் கூட்டிக்கொண்டு போறாரோ?"

ஆடியில் புறப்பட்டோம். ஒன்ராறியோவில் இருக்கிற லண்டன் தாண்டும்வரை கதைத்துக்கொண்டு வந்தவர், எல்லையிலுள்ள சார்னியாப் பாலத்தைக் கண்டதும் நாற்பத்தொரு கேள்விகளையும் முணுமுணுக்கத் தொடங்கினார். முன் சீற்றில் இருந்தார், மடியில் பைல். அதன் வளையங்கள் கிலுகிலு என்று சத்தம் போட்டன. வான் நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

அதிகாரி ஓர் இளம் பெண். எங்கே போகிறோம் என்று கேட்டாள். சொன்னேன். இவர் யார் என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து சின்னவன், "பைல் அங்கிள்!" என்று கத்தினான். அவள் குனிந்து அவரைப் பார்த்தாள்.

"ஒன்ராறியோவில் உங்களுக்கு ஏரி இல்லையா?"

நாற்பத்தொன்றில் இல்லாத கேள்வி. அண்ணை பைலை இறுக்கிப் பிடித்தார்.

"நிறைய இருக்கு மேடம்," என்றார் ஆங்கிலத்தில். "நாங்கள் லீவு எடுத்தது இந்த ஏரிக்கு."

அவள் சிரித்துக்கொண்டு பாஸ்போட்டுகளைத் திருப்பித் தந்தாள். ஏரியை நன்றாகப் பாருங்கள் என்றாள். அவ்வளவுதான்.

பாலம் முடிந்து வெகுதூரம் போன பிறகுதான் அவர் பேசினார். "தம்பி, பைலைத் திறக்கவே சொல்லேல்லையே! அந்தப் பிள்ளை வடிவாப் பாக்கேல்லைப் போல. திரும்பிப் போய் ஒருக்காக் காட்டுவமோ?"

"கேட்டிட்டு விட்டவள்தானே அண்ணை."

"ஓம்," என்றார். பைலைத் தட்டிவிட்டு, "ஓம், கேட்டிட்டுத்தான் விட்டவள்" என்றார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த ஓய்விடத்தில் புட்டை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அங்கே போனால் சிவப்பு ஓடம் இல்லை. கடிக்கிற நுளம்பு இருந்தது. பலகைத் துறை இருந்தது, ஆனால் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அண்ணை அதில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மடியில் பைலோடு இரண்டு நாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரை ஆடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை நான் தேத்தண்ணி கொண்டு போனபோது கதிரை ஆடவில்லை. பைலைக் கதிரைக் காலுக்குக் கீழே வைத்திருந்தார்.

"இப்பதான் சரியாய் இருக்கு," என்றார்.

அது உங்களுக்குத் தெரிந்த கதை. இனி வருவது உங்களுக்குத் தெரியாது. பெட்டித் தொழிற்சாலையை விட்டு ஒஷாவாவில் தமக்கையின் மகன் வீட்டோடு போய் இருக்கத் தொடங்கியபோது, பைலிலிருந்து எங்கள் பங்கைப் பிரித்தெடுத்துத் தந்தார். கதிரைக் கால் அழுத்திய பள்ளம் எங்கள் கலியாணப் படத்திலும் விழுந்திருந்தது. கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம், அவருடைய கையெழுத்தில். எல்லையில் கொடுப்பதற்காக எழுதியது. எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்:

"மதிப்புக்குரிய அதிகாரிக்கு, இந்தக் குடும்பத்தைப் பதினொரு வருடமாக எனக்குத் தெரியும். நல்ல சனம். யாரையாவது திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் தயவுசெய்து என்னை மட்டும் அனுப்பவும். பிள்ளைகள் ஏரியைப் பார்க்கட்டும். நான் பஸ்ஸில் போவேன்."

அதோடு சார்னியாவிலிருந்து ரொறன்ரோவுக்குப் போகிற பஸ்ஸின் நேர அட்டவணையும் குத்தியிருந்தது. கடைசி பஸ்ஸுக்குக் கீழே சிவப்புக் கோடு.

இன்று காலை நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, நான் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து எழுதினேன். இவர்கள் இரண்டு பேரையும் பிறந்த நாள் முதல் எனக்குத் தெரியும், நல்ல பிள்ளைகள் என்று எழுதி, கையெழுத்து வைத்து, வாசலில் நிற்கிற உங்கள் கார் டாஷ்போட்டுக்குள் இன்சூரன்ஸ் பேப்பருக்குக் கீழே வைத்தேன். ஒருவரும் கேட்க மாட்டார்கள். பஸ் அட்டவணை வைக்கவில்லை. தேவையென்றால் நானே வந்து உங்களை ஏற்றிக்கொண்டு வருவேன்.